மூன்றும் எட்டும்

ஒக்கலிபுரம் நாலாவது கிராஸில் துணி எடுக்கக் கிளம்புகிறவர்கள் மங்களத்தைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். கடைக்காரன் மீட்டர் குச்சியை வைத்து இழுக்கும்போதே "நாலு வெரல் கம்மி" என்று சொல்லிவிடுவாள். திரும்ப அளந்தால் நாலு விரல் கம்மியாகத்தான் இருக்கும். அப்புறம் அந்தக் கடைப்பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க முடியாது. இதில் அவள் கணவன் அர்ஜுனனுக்குப் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறவன் அவன். எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாமதமாக வந்தால், அவள் கடிகாரத்தைப் பார்க்காமலே "பதினேழு நிமிஷம்" என்பாள்.

பீண்யா தொழிற்பேட்டையின் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் செக்கிங் செக்‌ஷனில் உட்கார்ந்த கை அது. பின், புஷ், வாஷர் என்று ஒரு நாளைக்கு எண்ணூறு சாமான் வெர்னியர் என்கிற அளவுகோலின் தாடைக்குள் போய் வரும். மயிரிழை தப்பினால் சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும். பிறகு அளப்பதற்கே ஒரு மெஷினை வாங்கி வைத்தார்கள், ஏழு பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு மையத்திலிருந்து வீணா என்கிற மேடம், வெர்னியர் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பீண்யாவில் விசாரித்துக்கொண்டு வந்தார். மரம் அளக்க வேண்டுமாம். பின் அளந்த கைக்கு மரம் என்ன பெரிய சங்கதி என்று மங்களமும் போய்ச் சேர்ந்தாள். ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

சந்தாபுராவைத் தாண்டி, ஆனேகல்லையும் தாண்டிப் போனால் ஹுல்லுபண்டே என்று ஒரு மேடு. புல்லும் பாறையும்தான், நடுவில் அங்கங்கே மரம். அதில் நூற்று அறுபத்து நாலு மரங்களின் இடுப்பில் மெல்லிய எஃகுப் பட்டையைச் சுற்றி, ஒரு ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பட்டையில் ஒரு சின்ன இடைவெளி. மரம் பருக்கப் பருக்க அந்த இடைவெளி விரியும். மாதாமாதம் அதை வெர்னியர் வைத்து அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டும். வெயிலில் இரண்டு நாள் நடை. சில மரங்கள் ஒரு வருடம் முழுக்க ஒரு மில்லிமீட்டர்கூட விரியாது. அர்ஜுனன் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. "என் பொண்டாட்டி மரத்துக்கு ரவிக்கை அளவு எடுக்கிறா குரு" என்று டாக்ஸி ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீணா மேடத்திடமிருந்து போன் வந்தது. மங்களம் "சரிங்க மேடம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். முத்தைக் களிக்கு ராகி மாவு கொட்டி உலை தளதளத்துக்கொண்டிருந்தது. கோலை எடுத்துக் கிண்ட ஆரம்பித்தாள்.

"இன்னாவாம்?" என்றான் அர்ஜுனன்.

"திங்கக்கெழம ஹுல்லுபண்டேக்கு வரச் சொல்றாங்க."

"அதான் மாசாமாசம் போறியே."

"ரீடிங் எடுக்க வேணாமாம். புதுசா ஒரு சாரு வந்துகிறாரு, டிரேவர்னு. கணக்குப் பாக்கறவரு. நான் எழுதின இருவத்தாறு மாசத்து ரீடிங் பொய்யின்றாராம்."

"பொய்யின்னா?"

"மரத்துக்கிட்டயே போவாம ஊட்ல குந்திக்கினு எழுதிட்டேனாம்."

அர்ஜுனனுக்குச் சுருக்கென்றது. சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தேவிட்டான். "எவன் அவன்? நான் பேசறேன். ஸ்டாண்டு சங்கத்துல சொன்னா நாப்பது வண்டி வரும். கேட்ல வச்சிக் கேக்கலாம்."

"நாப்பது வண்டி வந்து இன்னா பண்ணும்? அளக்குமா?" என்றாள் அவள், கிண்டுவதை நிறுத்தாமல். "குந்துங்க. முத்த ஆறிடும்."

விஷயம் இதுதான். மேடம் ஒன்பது வருடக் கணக்கையும் சேர்த்துப் பெரிய கட்டுரை எழுதியிருக்கிறார். அந்த வாரம் அதை அனுப்பியாக வேண்டும். திங்கட்கிழமை மங்களம் சரியான பதில் சொல்லாவிட்டால் இருபத்தாறு மாதத்தையும் அடித்துவிடுவார்கள். பொய் எழுதியவளை வேலையில் வைத்திருக்கவும் மாட்டார்கள். வேலை போனால் வேறு வேலை என்று அர்ஜுனன் சமாதானம் சொல்லிப் பார்த்தான். பீண்யாவில் எண்ணூறு சாமானுக்கு ஒன்றுகூடத் தவறவிடாதவள், இனி ஒக்கலிபுரத்தில் பொய் எழுதியவள் என்று நடமாட வேண்டும் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கோழிச் சாறு வைத்தாள், காரம் உப்பு எல்லாம் கச்சிதம். புத்தர் படத்தைத் துடைத்து மல்லிச்சரம் போட்டாள். பிறகு பழைய நோட்டுகளை எல்லாம் பாயில் பரப்பி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் வெகுநேரம் நின்றாள். அர்ஜுனன் எட்டிப் பார்த்தான். எறும்பு ஊர்ந்ததுபோல எண்களாக இருந்ததே தவிர அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் ஓட்டிக்கினு வரேன் நாளைக்கு," என்றான்.

"டூட்டி?"

"டூட்டி கெடக்குது."

அவள் மறுக்காததே அவனுக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை வானம் மூடியிருந்தது. மேம்பாலத்தில் ஏறி, டோலைத் தாண்டி, கம்பெனிக் கட்டடங்கள் பின்னால் போய், சந்தாபுராவில் தட்டை இட்லி சாப்பிட்டுவிட்டு ஹுல்லுபண்டே சேர்ந்தபோது மணி ஒன்பதரை. வண்டியை விட்டு இறங்கிய அர்ஜுனன் நாலு பக்கமும் பார்த்தான். முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல். காற்று அடித்தால் மேடு முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நெல்லி ஒன்று, உசில் இரண்டு, பாறை ஓரத்தில் குட்டை ஈச்சை.

"காடு எங்க மங்களா?"

"இதான் காடு."

"இதுவா? மரமே காணோம். யாராச்சும் வெட்டிட்டாங்களா?"

அவள் சிரித்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. "எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. மரம் கம்மியா இருந்தா தரிசுன்னு நெனச்சிக்கிறாங்க. குழி தோண்டிக் கண்டகண்ட மரத்த நட்டு வச்சிட்டுப் போட்டோ புடிச்சிக்கிறாங்க. இது யாரும் வெட்டி வந்த புல்லு இல்லிங்க. எப்பவுமே இப்பிடித்தான். அந்தா அந்த உசில் மரம் உங்க தொடை தண்டிதான் இருக்குது. வயசு உங்கப்பாரு வயசுன்றாங்க மேடம். மெல்ல வளரும். தீ வரும், காயும், மாடு மேயும், மறுபடியும் துளிர்க்கும். அது எவ்ளோ மெல்லன்னு தெரிஞ்சாதான் இத விட்டுவைங்கன்னு சொல்ல முடியும். அதுக்குத்தான் அளக்கறது."

ஒன்பது வருடத்தில் அவள் வேலையைப் பற்றி அவன் கேட்டதும் இல்லை, அவள் இவ்வளவு பேசியதும் இல்லை. முள்ளை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். எந்தப் பாறை வழுக்கும், எந்தப் புதரில் குளவி இருக்கும் என்று காலுக்கே தெரிந்திருந்தது. ஒவ்வொரு மரத்தையும் தாண்டும்போது எஃகுப் பட்டையை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனாள். அர்ஜுனன் செருப்பில் புல் விதை ஏறிக் குத்தக் குத்தப் பின்னால் நொண்டிக்கொண்டு போனான்.

பெரிய வேங்கை மரத்தடியில் வீணா மேடமும் டிரேவரும் காத்திருந்தார்கள். வீணா கன்னடக்காரர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. டிரேவருக்கு முப்பது வயதிருக்கும், உள்ளூர்தான், குக் டவுன் ஆள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"மிஸஸ் மங்களம், நான் பர்சனலா எதுவும் சொல்லல," என்று ஆரம்பித்தார். "நம்பர் இன்னா சொல்லுதோ அதான் சொல்றேன். இது நீங்க யூஸ் பண்ண பழைய வெர்னியர், ஸ்டோர்ல இருந்து எடுத்துக்கினு வந்தேன். இதுல கடைசி நம்பர் ஜீரோ வரும், இல்ல அஞ்சு வரும். வேற வரவே வராது. கோடே அப்படித்தான் போட்டிருக்கு. கரெக்டா?"

"கரெக்டு சார்."

"உங்க நோட்டுல இருபத்தாறு மாசம், நாலாயிரத்துக்கு மேல ரீடிங். ஒண்ணுகூட ஜீரோல முடியல, ஒண்ணுகூட அஞ்சுல முடியல. எல்லாம் மூணு, எட்டு. மூணு, எட்டு. இந்த டூல்ல வராத நம்பர் எங்கருந்து வந்துச்சு? கற்பனையா நம்பர் எழுதறவங்களுக்கு ஒரு பேவரிட் நம்பர் இருக்கும். அது தெரிஞ்ச விஷயம்."

அர்ஜுனன் கையை முறுக்கினான். மங்களம் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இதானா சார்? இதுக்கா ரெண்டு நாளா... போன்லயே மூணு, எட்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே." மேடத்தின் பக்கம் திரும்பினாள். "மேடம், நான் பாறையில வழுக்கி விழுந்தது ஞாபகம் இருக்குதா? முட்டி பேந்துச்சே. அன்னிக்கு வெர்னியரும் விழுந்துச்சி. தாடைய மூடினா ஜீரோவுல நிக்கல. பீண்யாவுக்கு எடுத்துக்கினு போனேன். அங்க பிரிஜெட்டுன்னு என் கூட இருந்தவ இன்னும் இருக்கறா. அவ அளவு தெரிஞ்ச மாஸ்டர் பிளாக்குல வச்சி மைக்ரோமீட்டரோட ஒத்துப் பாத்துட்டு, பாயிண்ட் ஒன் டூ கூடக் காட்டுது மங்களான்னா. புதுசு வேணும்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தேன். இருவத்தாறு மாசம் கழிச்சி வந்துச்சி. அது வரைக்கும் அந்தப் பன்னண்டக் கழிச்சிக் கழிச்சி எழுதினேன். கடைசி நம்பர் ஜீரோன்னா, பன்னண்டு போனா எட்டுல முடியும். அஞ்சுன்னா மூணுல முடியும்."

டிரேவர் கம்ப்யூட்டரில் இரண்டு எண்ணைப் போட்டுக் கழித்துப் பார்த்தார்.

"இத ஏன் மங்களா எங்கிட்ட சொல்லல?" என்றார் வீணா.

"சொல்றதுக்கு இன்னா இருக்குது மேடம்? சாப்பிடறதுக்கு முன்ன கை கழுவினேன்னு யாராச்சும் சொல்லிக்கினு இருப்பாங்களா?"

"இல்ல, கேளு. இங்க கருவி என்ன காட்டுதோ அப்படியே எழுதணும். கழிக்கறது எல்லாம் அப்புறம், எல்லாருக்கும் தெரியற மாதிரி தனியாப் பண்ணணும். கண்ணால பார்த்தத எழுதணும்."

"எங்க செக்‌ஷன்ல பாத்தத எழுதினா சூப்பர்வைசர் வெளிய அனுப்பிடுவாரு மேடம். கருவி ஆயிரம் காட்டும். பொருள் இன்னா அளவோ, அதத்தான் எழுதணும்."

டிரேவர் தலையைச் சொறிந்தார். நியாயமான ஆள்தான், ஆனால் லேசில் விடுகிற ஆள் இல்லை. "சொல்றது சரியா இருக்கு. ஆனா ப்ரூஃப் ஆவாது. மூணுலயும் எட்டுலயும் முடியற எந்த நம்பரோட பன்னண்டு கூட்டினாலும் ஜீரோ, அஞ்சுதான் வரும். கற்பனையா எழுதினதா இருந்தாலும் அப்படித்தான் வரும்."

"அது வாஸ்தவம் சார்," என்றாள் மங்களம். பேச்சை ரசித்ததுபோல இருந்தது. "வாங்க."

புல்லுக்குள் நூறு அடி போனதும் ஒரு பட்டுப்போன உசில் மரம். கிளை எல்லாம் உதிர்ந்து அடிமரம் மட்டும் நின்றது. அதன் இடுப்பிலும் பட்டை, நூற்றுப் பதினேழு என்று தகடு.

"இது செத்துப்போச்சே. லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொன்னேனே," என்றார் வீணா.

"எடுத்துட்டேன் மேடம், உங்க லிஸ்ட்டுல இருந்து. கம்பெனில காலைல போனதும் ஒரு மாஸ்டர் பீஸ அளந்து பாத்துட்டுத்தான் வேலைய ஆரம்பிப்போம். கருவி ஒழுங்கா இருக்குதான்னு தெரியணுமில்ல. இங்க மாஸ்டர் பீஸுக்கு எங்க போவேன்? இது வளரப் போறதில்ல, எங்கயும் போவப் போறதில்ல. மொதல்ல இத அளந்துட்டுத்தான் மத்ததுக்குப் போவேன். நோட்டு கடைசிப் பக்கத்துல இருக்கும். நீங்களே அளங்க சார்."

டிரேவர் மண்டியிட்டார். பழைய வெர்னியரை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். அவர் கையில் அது வழுக்கியது. மங்களம் அவர் கட்டைவிரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டாள். "அமுக்காதீங்க சார். தொட்டாப் போதும்."

"பதினாலு... பாயிண்ட் மூணு அஞ்சு."

வீணா தன் பையிலிருந்து புது டிஜிட்டல் கருவியை எடுத்து வைத்தார். "பதினாலு பாயிண்ட் ரெண்டு நாலு."

மங்களம் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பிடித்தாள். வெர்னியர் விழுவதற்கு முன் பதினாலு பாயிண்ட் இரண்டு ஐந்து என்று இருந்தது. விழுந்த பிறகு இருபத்தாறு வரியும் பதினாலு பாயிண்ட் இரண்டு மூன்று, மழை மாதங்களில் மட்டும் இரண்டு எட்டு. கட்டை ஈரத்தில் ஊறும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்.

டிரேவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். முட்டியில் சேறு. "மிஸஸ் மங்களம், ஐ ஆம் வெரி சாரி. நானா இருந்தா இவ்ளோ ஒழுங்காப் பண்ணியிருக்க மாட்டேன்," என்றார். வீணா மேடம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

அர்ஜுனனுக்கு மேடு முழுக்க ஒரு சுற்று ஓடிவரலாம் போலிருந்தது. நாலாயிரம் தடவை! எண்ணிப் பார்க்கவே மலைப்பாக இருந்தது. யாரும் பார்க்காத பொட்டல் வெளியில், நாலாயிரம் தடவை, கூலியும் கூடாமல் பெயரும் கிடைக்காமல் மனசுக்குள் பன்னிரண்டைக் கழித்திருக்கிறாள். இப்படிப்பட்டவளையா ரவிக்கை அளவு எடுக்கிறாள் என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரித்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

வேங்கை மரத்தடிக்குத் திரும்பி மங்களம் கொண்டுவந்த சித்ரான்னத்தை நாலு பேரும் சாப்பிட்டார்கள். டிரேவர் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். காற்றில் புல் சீறிக்கொண்டிருந்தது. கழித்ததை எல்லாம் எப்படித் தனிப் பத்தியாகக் காட்டலாம் என்று வீணாவும் அவரும் பேசிக்கொண்டார்கள். கட்டுரை புதன்கிழமையே போய்விடும் என்றார் மேடம். மங்களம் டப்பாவைக் கழுவி மூடினாள். பிறகு ஒரு நோட்டை எடுத்து நடுவில் விரித்து இருவருக்கும் முன்னால் வைத்தாள். அது அவள் நேற்று வெகுநேரம் பார்த்த பக்கம் என்று அர்ஜுனனுக்குத் தெரிந்தது.

"சார், இதுல ஒரு பொய் இருக்குது. இத அடிச்சிடுங்க."

"எது?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆகஸ்ட் இருவத்தி மூணு. நூத்தி நாப்பத்தி மூணுல இருந்து நூத்தி அறுவத்தி நாலு வரைக்கும் இருவத்திரெண்டு மரம். அளவு சரி. தேதிதான் பொய். அன்னிக்கு எடுக்கல, மறுநாள் காலைல வந்து எடுத்தேன். தேதிய மாத்தாம எழுதிட்டேன்."

"ஒரு நாள்தான மங்களா, பரவாயில்ல விடு," என்றார் வீணா.

டிரேவர் விடவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டினார். "இருபத்தி மூணாந்தேதி ராத்திரி நல்ல மழை பெஞ்சிருக்கு. மரப்பட்டை தண்ணி குடிச்சி ஊதியிருக்கும். அதனாலதான் வடக்கு மூலையில இருக்கற இருபத்திரெண்டு மரம் மட்டும் திடீர்னு பெருத்திருக்கு." சட்டென்று நிறுத்தி மேடத்தைப் பார்த்தார். "மேடம், அங்க மண்ணு ஆழம், ஈரம் நிக்குதுன்னு ஒரு பேரா எழுதினீங்களே."

"ஒரு பக்கம்," என்றார் வீணா. "ரொம்ப நல்ல பக்கம்." கொஞ்ச நேரம் வடக்கு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார். "போகட்டும். அடி டிரேவர். அந்தப் பக்கத்தையும் எடுத்துடு."

"மன்னிச்சிடுங்க மேடம். ரெண்டு வருஷமா உறுத்திக்கினே இருந்துச்சி. பொய்யின்னு நீங்க போன்ல சொன்னதும் இதத்தான் கண்டுபுடிச்சி எல்லாத்தையும் சந்தேகப்படறாங்கன்னு நெனச்சேன்."

டிரேவர் பேனாவை எடுத்தார். "அடிக்கறதுக்குக் காரணம் எழுதணும். அன்னிக்கு ஏன் பாதியில விட்டுட்டுப் போனீங்க?"

"மழ வந்துடுச்சி சார்," என்றாள் மங்களம். புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அர்ஜுனனுக்கு அந்தத் தேதி நன்றாக நினைவிருந்தது. ஆம்பூரிலிருந்து அவன் அக்கா வீட்டார் எட்டுப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிய நாள். வீட்டில் சமைக்க ஆள் இல்லையே என்று மத்தியானம் மூன்று மணிக்கு அவன் போன் போட்டான். இன்னும் இருபத்திரண்டு மரம் பாக்கி என்று அவள் சொன்னாள். மரம் எங்கேயும் ஓடிப்போகாது, கிளம்பி வா என்று அக்கா காதில் விழும்படி அதட்டினான். அவள் வந்து எட்டுப் பேருக்கும் பிரியாணி செய்து போட்டாள். மறுநாள் விடியும் முன்பே எங்கேயோ கிளம்பிப் போனாள், எங்கே என்று அவன் கேட்கவில்லை.

டிரேவர் மழை என்று எழுதப் போனார்.

"சார், நில்லுங்க," என்றான் அர்ஜுனன். "மழ ராத்திரிதான் வந்துச்சி. மூணு மணிக்குப் போன் பண்ணி, வேலைய விட்டுட்டு வான்னு கத்தினது நானு. அத எழுதுங்க. அர்ஜுனன், புருஷன்னு போட்டு எழுதுங்க."

மங்களம் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். டிரேவர் எழுதிக்கொண்டார்.